போன வருஷம் ஃப்ளூ ஊசி போட்டும் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு, இந்த வருஷம் வேணாம்ங்கிறார்

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு, சுகர் இருக்கு, மூணு வருஷம் முன்னாடி ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சாங்க. போன வருஷம் நான்தான் பிடிவாதமா கூட்டிட்டுப் போய் ஃப்ளூ ஊசி போட வச்சேன். போட்டு ரெண்டு மாசம் கழிச்சு அவருக்கு சளி பிடிச்சுது, ஒரு வாரம் மூக்கு ஒழுகல், தொண்டை கரகரப்பு, ரெண்டு நாள் உடம்பு கதகதன்னு இருந்துச்சு, அவ்ளோதான். ஆனா அதுல இருந்து "ஊசி போட்டும் வந்துச்சுல்ல, அப்புறம் எதுக்கு"ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். இந்த வருஷம் என்ன சொல்லியும் கேக்கல. இதுல தங்கச்சிக்கு ஏழாம் மாசம் நடக்குது, அவளும் எங்களோடதான் இருக்கா, இன்னும் கொஞ்ச நாள்ல பச்சக்குழந்தை இருக்கப்போற வீடு. சத்து ஊசின்னு பொய் சொல்லி போட வச்சிடுன்னு ஒரு சொந்தக்காரர் சொன்னார், எனக்கு அதுக்கு மனசு வரல. அவர் கேக்குறது நியாயமான கேள்விதான், என்கிட்டதான் சரியான பதில் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டுநர்ஸ்:
பொய் சொல்லாதீங்க, தயவுசெஞ்சு. ஒருதடவ தெரிஞ்சுடுச்சுன்னா அதுக்கப்புறம் நீங்க மாத்திரை குடுத்தாக்கூட சந்தேகப்படுவார்.

நீங்க சொல்றத வச்சுப் பாத்தா போன வருஷம் வந்தது ஃப்ளூவா இருக்க வாய்ப்பு கம்மி. டெஸ்ட் எடுக்காம அடிச்சு சொல்ல முடியாதுதான், ஆனா மூக்கு ஒழுகி, தொண்டை கரகரத்து, மெதுவா ஏறி மெதுவா இறங்குறது பெரும்பாலும் சாதா ஜலதோஷ வைரஸ். ரைனோவைரஸ்லயே 160 வகைக்கு மேல இருக்கு, அதுக்கெல்லாம் ஊசியே கிடையாது. ஃப்ளூ வந்தவங்ககிட்ட கேட்டீங்கன்னா எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுன்னே சொல்லுவாங்க, மத்தியானம் வரைக்கும் நல்லா நடமாடிட்டு இருந்தவரு சாயங்காலம் எந்திரிக்க முடியாம படுத்துடுவாரு, முதுகு தொடையெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலி, 102, 103ன்னு ஜுரம். வயசானவங்களுக்கு சிலசமயம் ஜுரமே இருக்காது, சோர்வும் மனக்குழப்பமும் மட்டும்தான் தெரியும், அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

அப்பாவோட கேள்விக்கு நேர்மையான பதில் என்னன்னா, ஆமா, ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம். அந்த வருஷ வைரஸும் ஊசியும் நல்லா ஒத்துப்போனா டாக்டர்கிட்ட போற அளவு ஃப்ளூ வர்றத 40ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் குறைக்குது. வயசானவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கம்மியா இருக்கும். கேக்க பெரிய நம்பரா தெரியாது. ஆனா கையில போடுற ஊசி எதிர்ப்பு சக்திய ரத்தத்துலதான் நிறைய உண்டாக்குது, மூக்கோட உள்தோல்ல அவ்வளவா இல்ல, அதனால வைரஸ் மூக்கு வரைக்கும் வந்து குடைச்சல் குடுக்கும், நுரையீரலுக்கு இறங்குறப்பதான் ரத்தத்துல இருக்குற அந்த சக்திகிட்ட அடி வாங்கும். ஊசி போட்டவங்களுக்கு அட்மிஷன் குறையுறதும் ஐசியூ வரைக்கும் போறது குறையுறதும் அதனாலதான்.

நான் 19 வருஷமா வார்டுல இருக்கேன். மோசமான ஃப்ளூ கேஸ் எப்படி இருக்கும்னா, படுக்க முடியாது, கட்டில் ஓரத்துல உக்காந்து ரெண்டு கையாலயும் கம்பிய இறுக்கிப் பிடிச்சிருப்பாங்க, தோள்பட்டை ரெண்டும் காதுகிட்ட ஏறி ஏறி இறங்கும். பேர் கேட்டா முழுப்பேரையும் ஒரே மூச்சுல சொல்ல வராது. அப்பா வயசுல ஒருத்தர அப்படிப் பாத்தா ராத்திரி வீட்டுக்குப் போயும் தூக்கம் வராது.

இன்னொண்ணு, ஸ்டென்ட் வச்சவர்னு சொன்னதால சொல்றேன். கனடாவுல பண்ணி 2018ல வெளிவந்த ஒரு ஆய்வு, ஃப்ளூன்னு டெஸ்ட்ல உறுதியான முதல் ஏழு நாள்ல ஹார்ட் அட்டாக் வர்ற வாய்ப்பு ஆறு மடங்கு கூடுதுன்னு காட்டுச்சு. அவர்கிட்ட சளிய பத்தி பேசாதீங்க, ஹார்ட்ட பத்தி பேசுங்க.

ரெட்டைவால்:
நான் எதிர்த்துப் பேசணும்னு வரல, நிஜமாவே கேக்குறேன். எனக்கு ரெண்டு தடவ ஃப்ளூ ஊசி போட்டப்பவும் மறுநாள் உடம்புவலி, லேசா ஜுரம். ஊசியிலயே வைரஸ் இருக்கறதால அதுதான் வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் வருஷா வருஷம் ஊசிய மாத்துறாங்க, அடுத்த சீசனுக்கு எந்த வைரஸ் வரும்னு முன்னாடியே எப்படித் தெரியும், அப்ப குத்துமதிப்பாதானே போடுறாங்க? போலியோவுக்கோ அம்மைக்கோ இப்படி வருஷா வருஷம் போடச் சொல்றதில்லையே.

பழையரேடியோ:
தம்பி, நல்ல கேள்வி. நான் ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் வைரஸ் லேப்ல இருந்தவன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

கையில போடுற ஊசியில இருக்குறது செத்த வைரஸோட துண்டுகள். இல்லன்னா வைரஸே இல்லாம லேப்ல தயாரிச்ச வெறும் புரதம். அது உடம்புக்குள்ள பெருகவே முடியாது, அதனால ஃப்ளூவ உண்டாக்கவும் முடியாது. மறுநாள் வர்ற உடம்புவலி நம்ம எதிர்ப்பு சக்தி முழிச்சுக்கிட்டு வேலை பாக்குற வலி, ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேதான் உயிரோட இருக்கறது, அதுவும் பலவீனப்படுத்தினது, நுரையீரல் சூட்டுல நல்லா வளராத மாதிரி பழக்கினது. அத கர்ப்பமா இருக்கவங்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் குடுக்க மாட்டாங்க.

ஏன் வருஷா வருஷம்னா, அம்மை வைரஸ் இத்தன வருஷமாகியும் ஊசிக்குத் தப்புற மாதிரி மூஞ்சிய மாத்திக்கல, ஃப்ளூ வைரஸ் மாத்திக்கிட்டே இருக்கும். அதோட வெளிப்பக்கம் ஹீமக்ளூட்டினின்னு ஒரு புரதம் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கும், அத வச்சுதான் நம்ம செல்லுல ஒட்டிக்கும். ஒவ்வொரு தடவ பிரதி எடுக்கறப்பவும் எழுத்துப்பிழை விழுது, திருத்த ஆள் இல்ல, பிழை சேரச் சேர அந்த முள்ளோட வடிவம் கொஞ்சம் கொஞ்சமா மாறும், போன வருஷ ஆன்டிபாடிக்கு, அதாவது வைரஸ அடையாளம் கண்டு ஒட்டிப் பிடிக்கிற நம்ம உடம்போட புரதத்துக்கு, அது அடையாளம் தெரியாம போயிடும். போதாக்குறைக்கு ஊசியால வந்த சக்தியும் சில மாசத்துல இறங்கிடும்.

இது ஆரம்பத்துல யாருக்கும் தெரியாது. 1933லதான் மனுஷன்கிட்ட இருந்து ஃப்ளூ வைரஸையே முதல்முதலா பிரிச்செடுத்தாங்க. தாமஸ் ஃபிரான்சிஸும் ஜோனாஸ் சால்க்கும் அமெரிக்க ராணுவத்துக்காக வேலை பாத்து ஊசி கொண்டுவந்தாங்க, 1945ல பொதுமக்களுக்கும் அனுமதி கிடைச்சுது. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. 1947ல அதே ஊசி சுத்தமா கைவிட்டுடுச்சு, வைரஸ் மாறிப்போச்சு. அந்த அடிதான் பாடம், 1952ல உலக சுகாதார நிறுவனம் பல நாட்டு லேப்கள சேத்து ஒரு கண்காணிப்பு வலைய ஆரம்பிச்சுது, இன்னிக்கு வரைக்கும் ஓடுது. வருஷம் முழுக்க நோயாளிகளோட மூக்குல, தொண்டையில குச்சி விட்டு எடுத்த சாம்பிள்கள் லேப்புக்கு வரும், எந்த வைரஸ் எங்க பரவுது, எப்படி மாறுதுன்னு பாப்பாங்க. பிப்ரவரில உக்காந்து வட அரைக்கோளத்துக்கு முடிவு பண்ணுவாங்க, செப்டம்பர்ல தென் அரைக்கோளத்துக்கு. ஊசி தயாரிக்க ஆறு மாசம் மாதிரி ஆகும், பெரும்பாலும் இன்னும் கோழிமுட்டைக்குள்ளதான் வைரஸ வளக்குறாங்க, அதனால அவ்ளோ முன்னாடியே சொல்லியாகணும். அந்த இடைவெளியில வைரஸ் மாறிட்டா அந்த வருஷம் பொருத்தம் குறையும், அது உண்மை, மறைக்க வேண்டியதில்ல. ஆனா குத்துமதிப்புன்னு சொல்லாதீங்க, ஆயிரக்கணக்கான சாம்பிள் பாத்துட்டுதான் சொல்றாங்க.

ஒரு சந்தோஷமான விஷயமும் சொல்றேன். ஃப்ளூ வைரஸோட பி வகையில யமகட்டான்னு ஒரு கிளை இருந்துச்சு. 2020 மார்ச்சுக்கு அப்புறம் அது உறுதியா எங்கயும் கண்ணுல படல. கொரோனா சமயத்துல ஜனங்க வீட்டுக்குள்ள இருந்து, மாஸ்க் போட்டதுல பரவ வழியில்லாம போயிருக்கணும்னுதான் நினைக்கிறாங்க. அதனால நாலு வைரஸ் இருந்த ஊசி பல நாட்டுல திரும்ப மூணுக்கு வந்திருக்கு. என் மேஜையில எத்தனையோ வருஷம் பாத்த வைரஸ் அது.

இளவேனில்:
ஜன்னலோரம், உங்க தங்கச்சிக்காக எழுதுறேன். அவங்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கணும், கர்ப்பத்துல எந்த மாசம்னாலும் போடலாம். அம்மா போட்டா ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகுது, பொறந்த குழந்தைக்கு ஆறு மாசம் வரைக்கும் ஃப்ளூ ஊசி போடவே முடியாது, அதுவரைக்கும் அம்மா குடுத்ததுதான் அதுக்கு.

ஆர்எஸ்வி பத்தியும் கேட்டு வைங்க, பச்சக்குழந்தைங்களோட நுரையீரல தாக்குற ஒரு சளி வைரஸ் அது. எங்க பையனுக்கு ரெண்டு மாசத்துல வந்துச்சு. மூத்தவளுக்கு வெறும் மூக்கு ஒழுகல், அவகிட்ட இருந்து இவனுக்கு. முதல்ல பால் குடிக்கிறப்ப ரெண்டு வாய் இழுத்துட்டு விட்டுடுவான், மூச்சு வாங்கிட்டு திரும்ப வருவான். பசி இல்லன்னு நினைச்சேன். மறுநாள் காலைல சட்டைய கழட்டிப் பாத்தா விலாவுக்குக் கீழ தோல் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள குழி விழுது, மூக்கு ரெண்டு பக்கமும் விரியுது. அஞ்சு நாள் ஆக்சிஜன்ல இருந்தான். இப்ப நல்லா ஓடுறான், ஆனா அந்தக் குழிய மறக்க முடியல. பச்சக்குழந்தைக்கு சளின்னா சட்டைய தூக்கி நெஞ்சப் பாருங்க, எல்லாருக்கும் சொல்றேன்.

எங்க பையனுக்கு வந்தப்ப தடுக்க எதுவும் கையில இல்ல. 1960கள்ல ஒரு ஆர்எஸ்வி ஊசி முயற்சி பண்ணி, போட்ட குழந்தைகளுக்கு நோய் இன்னும் மோசமாகி ரெண்டு குழந்தைங்க இறந்தே போனாங்க, அதோட பல வருஷம் அது அப்படியே நின்னுபோச்சு. அந்த வைரஸோட எஃப் புரதம் செல்லுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு வடிவத்துலயும் அப்புறம் வேற வடிவத்துலயும் இருக்கும், நுழையுறதுக்கு முந்தின வடிவத்த 2013லதான் தெளிவா கண்டுபிடிச்சாங்க, அத வச்சுப் பண்ணின ஊசிகளுக்கு 2023ல அனுமதி கிடைச்சுது. கர்ப்பத்தோட பின்பகுதியில அம்மாவுக்குப் போடுறது ஒண்ணு இருக்கு, எந்த வாரத்துலங்கிறது நாட்டுக்கு நாடு மாறுது. அது போடலன்னா குழந்தைக்கே நேரடியா நிர்செவிமாப்னு ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி இருக்கு. எல்லா இடத்துலயும் கிடைக்குதான்னு டாக்டர்கிட்டதான் கேக்கணும், ஆனா ஏழாம் மாசம்னா இப்பவே கேளுங்க, தள்ளிப்போடாதீங்க. அப்பா மாதிரி வயசானவங்களுக்கும் ஆர்எஸ்வி ஊசி தனியா இருக்கு, இப்போதைக்கு அது வருஷா வருஷம் இல்ல, ஒருதடவ போட்டா போதும்ங்கிறாங்க.

கூரைமேல்:
எல்லாரும் ஊசிய பத்தியே பேசுறீங்க, காத்தப் பத்தி யாரும் சொல்லல. 2020 மார்ச்ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு பாட்டுக்குழு ரெண்டரை மணிநேரம் ஒத்திகை பாத்தாங்க, 61 பேர். வாசல்ல சானிடைசர் வச்சிருந்தாங்க, கைகூட குலுக்கிக்கல. அதுல ஒருத்தருக்கு கொரோனா இருந்துச்சு, அவர் ஒருத்தரால 52 பேருக்கு வந்துச்சு, ரெண்டு பேர் இறந்துட்டாங்க. மூடின ரூம், பாடுறப்ப வெளிவர்ற மூச்சு, அவ்ளோதான். கை கழுவுறது வேணும்தான், ஆனா கைய மட்டும் கழுவிட்டு ஜன்னல சாத்திட்டு உக்காந்தா என்ன பண்ணுறது.

எங்க வீட்டுல ஒரு சின்ன கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வச்சிருக்கேன். வெளிக்காத்துல 420, 430 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல இத்தன பங்கு) காட்டும். நாலு பேர் கதவ சாத்திட்டு ஒரு மணி நேரம் பேசினா 1,500 தாண்டும். அதாவது அடுத்தவங்க விட்ட மூச்சையே எல்லாரும் திரும்பத் திரும்ப இழுத்துட்டு இருக்கோம்னு அர்த்தம். எதிரெதிர் பக்கம் ரெண்டு ஜன்னல ஒரு சாண் திறந்தாலே பத்து நிமிஷத்துல 700க்கு வந்துடுது, கண்ணாலயே பாக்கலாம். மீட்டர் இல்லன்னாலும் பரவால்ல, வெளிய இருந்து உள்ள வர்றப்ப ரூம் புழுங்கின வாடை அடிச்சா ஜன்னல திறங்க.

மாஸ்க்னா துணி மாஸ்க் வேணாம், என்95 மாதிரி போடுங்க. அதோட நார்ல மின்னேற்றம் இருக்கும், அதுதான் பொடித்துகள இழுத்துப் பிடிக்குது, தண்ணில துவைச்சா போயிடும், அதனால துவைக்காதீங்க. மூக்கு மேல கம்பிய ரெண்டு கை விரலாலயும் அழுத்தி மடக்கணும். ஊதிப்பாருங்க, கண்ணுல காத்து அடிச்சா மேல ஓட்டை இருக்குன்னு அர்த்தம், கன்னத்துப் பக்கமும் பாருங்க. ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலுக்கு அப்பாவ கூட்டிட்டுப் போறப்ப இத மட்டும் விட்டுடாதீங்க.

ரெட்டைவால்:
பழையரேடியோ ஐயா, ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா யாரும் எனக்கு சொன்னதில்ல. ஒரே ஒரு பயம் பாக்கி இருக்கு. ஃப்ளூ ஊசியால கை கால் செயலிழந்து போற ஒரு வியாதி வருதுன்னு படிச்சேன், அது பொய்யா?

பழையரேடியோ:
பொய்யில்ல. கில்லன் பாரேன்னு பேரு. 1976ல அமெரிக்காவுல பன்றிக்காய்ச்சலுக்குப் போட்ட ஊசியில ஒரு லட்சம் பேருக்கு ஒருத்தர் கணக்குல கூடுதலா வந்துச்சு, அந்தத் திட்டத்தையே நிறுத்தினாங்க. இப்ப போடுற ஊசிகள்ல அப்படி இருந்தாலும் பத்து லட்சத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். ஃப்ளூ வந்தாலே அதே வியாதி வரலாம், அதுக்கான வாய்ப்பு இதவிட அதிகம். முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டு ஆறு வாரத்துக்குள்ள யாருக்காவது அது வந்திருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். முட்டை அலர்ஜின்னு பயந்து போடாம இருக்கவங்க இருக்காங்க, அது இப்ப தடையில்லன்னு அமெரிக்காவுல மாத்திட்டாங்க, எதுக்கும் போடுறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ராத்திரி முழுசும் படிச்சேன். நர்ஸ் அக்கா, இன்னும் சில சந்தேகம். அவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறார், ஊசி போடலாமா? இப்ப லேசா இருமல் இருக்கு, அது சரியாகணுமா? கொரோனா ஊசியும் பாக்கி, ஒண்ணா போடலாமா? ஒருவேளை ஃப்ளூவே வந்துட்டா என்ன பண்ணணும்?

வார்டுநர்ஸ்:
போடலாம், போடுறவங்ககிட்ட மாத்திரை பேர முன்னாடியே சொல்லிடுங்க, மெல்லிசு ஊசியா போடுவாங்க. போட்ட இடத்த தேய்க்காம ரெண்டு நிமிஷமாச்சும் பஞ்ச வச்சு அழுத்திப் பிடிங்க, அவ்ளோதான். ஊசிக்காக அந்த மாத்திரைய ஒரு வேளைகூட நீங்களா நிறுத்தாதீங்க, ஸ்டென்ட் வச்சவருக்கு அது ஆபத்து.

லேசா இருமல், ஜுரம் இல்லன்னா போடலாம். நல்ல ஜுரம்னா மட்டும் இறங்கட்டும். கொரோனா ஊசியும் அதே நாள்ல வேற கையில போடலாம், உடம்புவலி கொஞ்சம் கூட இருக்கும், அவருக்கு அது பிடிக்காதுன்னா ரெண்டையும் பிரிச்சே போடுங்க, அவர் மனசு ஒத்துக்கறதுதான் முக்கியம். போட்டு சக்தி வர ரெண்டு வாரம் ஆகும், அதனால ஊர்ல பரவ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும், பரவ ஆரம்பிச்சாலும் பரவால்ல போடலாம், போடாம விடறதவிட மேல். 65 தாண்டினவங்களுக்குன்னு நாலு மடங்கு ஆன்டிஜென் (எதிர்ப்பு சக்திய தூண்டுற வைரஸ் புரதம்) உள்ள ஊசி சில இடத்துல இருக்கு, கேட்டுப்பாருங்க, இல்லன்னா அதுக்காக காத்திருக்க வேணாம், கிடைக்கறத போடுங்க. நிமோகாக்கல் ஊசி (நிமோனியா வர வைக்கிற ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது) போட்டாச்சான்னும் பாருங்க, ஃப்ளூவுக்குப் பின்னாடியே வர்ற பாக்டீரியா நிமோனியாதான் பல பேர சாய்க்குது.

ஃப்ளூ வந்துட்டா நாள் கடத்தாதீங்க. ஓசல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா வேலை செய்யும், நாலு நாள் பாப்போம்னு இருந்துட்டு வர்றவங்களதான் நாங்க ரொம்பப் பாக்குறோம். மீந்துபோன ஆன்டிபயாடிக்க எடுத்துப் போடாதீங்க, வைரஸுக்கு அது எதுவும் பண்ணாது. பேசறப்ப மூச்சு வாங்குது, உதடு நீலம் பாயுது, நெஞ்சு வலி, ஆள் குழம்பிப் பேசுறார், இதுல எது ஒண்ணு இருந்தாலும் உடனே எமர்ஜென்சி. இறங்கின ஜுரம் திரும்ப ஏறி இருமல் கூடினாலும் அப்படித்தான்.

ஊசி போட்டாச்சுன்னு சளியோட யாரையும் குழந்தைகிட்ட விடாதீங்க. ஃப்ளூ அறிகுறி தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும், அதனால குழந்தைய தூக்குறவங்க எல்லாருமே ஊசி போட்டிருக்கணும், அப்பா மட்டும் இல்ல.

இளவேனில்:
கடைசில சொன்னத அடிக்கோடு போட்டுக்கங்க. குழந்தை பாக்க வர்றவங்ககிட்ட "சளி இருந்தா அப்புறம் வாங்க"ன்னு சொல்ல சங்கடமாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு, சொல்லாம விட்டேன். சொல்லிடுங்க.

ஜன்னலோரம்:
நாலு நாள் கழிச்சு வரேன். எல்லாத்தையும் அப்பாகிட்ட உள்ளது உள்ளபடி சொன்னேன், 40ல இருந்து 60ங்கிறதையும் மறைக்கல. ஹார்ட் பத்தி சொன்னப்ப கையில இருந்த பேப்பர மடிச்சு வச்சிட்டார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், "நீ போட்டியா?"

நான் போடல. மூணு வருஷமா போடல, எனக்கு என்ன வயசு, எனக்கெதுக்குன்னு இருந்துட்டேன். தினம் கூட்டத்துல போயிட்டு வர்றவன் நான்தான், வீட்டுக்குக் கொண்டு வர்றதுன்னா அது என் வழியாத்தான் வரும், இது எனக்கு நர்ஸ் அக்கா எழுதினப்பகூட உறைக்கல, அவர் கேட்டப்பதான் உறைச்சுது. இல்லப்பான்னு சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் போவோம்"னார்.

இன்னிக்குக் காலைல போனோம். அந்தப் பொண்ணு மருந்த எடுக்கறப்ப டப்பாவ வாங்கி கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு எந்த சீசனுக்கானதுன்னு படிச்சுப் பாத்தார். முதல்ல எனக்குப் போடச் சொன்னார், அப்புறம் அவர் சட்டைக்கைய மடிச்சார். ரெண்டு நிமிஷம் பஞ்ச நான்தான் அழுத்திப் பிடிச்சிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் காலண்டர்ல 14 நாள் தள்ளி ஒரு தேதிய சுழிச்சு வச்சிருக்கார். தங்கச்சிக்கும் போட்டாச்சு, அவளோட டாக்டர்கிட்ட ஆர்எஸ்வி பத்தி வியாழக்கிழமை பேசப்போறோம்.

இப்ப கை வலிக்குதுங்கிறார், லேசா சூடு இருக்கு, பாராசிட்டமால் குடுக்கலாமா?

வார்டுநர்ஸ்:
கிட்னி, கல்லீரல் பிரச்சனை எதுவும் இல்லன்னா குடுக்கலாம். இபுப்ரோஃபென் மாதிரி வலிமாத்திரை வேணாம், அவர் போடுற மாத்திரையோட சேந்தா ரத்தக்கசிவு ஆகலாம். கைய தூக்கி இறக்கிட்டு இருக்கச் சொல்லுங்க, கட்டி வச்ச மாதிரி வச்சிருந்தா வலி கூடும். ரெண்டு நாளைக்கு மேல ஜுரம் நின்னா எழுதுங்க. உங்க கை எப்படி இருக்கு?